தெரிந்த ஆட்கள் வந்தால் போதும்

அத்தியாயம் 14

“ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க ஆக்கள் வருவினம். எல்லாரும் வீட்டில நில்லுங்கோ” என்று கனடாவிலிருந்து மகேந்திரராசா போனில் சொன்னதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். சொன்னவன் போனை வைத்துவிட்டுக் குறட்டை விட்டிருப்பான். இங்கே கண்டியில், அம்பிட்டிய வீதி மேட்டில், அவனுடைய தங்கை லீலாதேவிக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. வீட்டுக்காரர் அம்பிகைபாகன், நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது யாழ்ப்பாணம் என்றாலும் வேலைக்கென்று கண்டிக்கு வந்து இங்கேயே ஊறிப்போனவர். மனைவி சரோஜினிதேவி. மகன் கனடாவில். மகள் லீலா, கல்யாணப் பேச்சை எடுத்தாலே, “அம்மா, அடுப்பில என்னவோ கருகுது” என்று சொல்லி எழுந்து போகிறவள். தனியார் ஆய்வுகூடமொன்றில் இரத்தமும் சலமும் பரிசோதித்துக்கொண்டிருந்தவள், அந்த வேலையை விட்டு, வீட்டின் மேல்மாடி அறைகளைத் திருத்தி, உல்லாசப் பயணிகள் தங்குவதற்கு விட்டாள். விடுதிக்குப் பவளமல்லி என்று பெயர். அதற்கென்று ஓர் இணையத்தளமும் போட்டாயிற்று.

போட்டு என்ன? யுத்தத்தால் பயணிகள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் தலதா மாளிகைப் பெரஹரா ஊர்வலம் நெருங்க நெருங்கக் கண்டியில் மற்ற விடுதிகளுக்கெல்லாம் ஆட்கள் பதிந்துகொண்டிருந்தார்கள். கீழ் வளைவுக்கு அப்பால் இருக்கும், குளியலறையில் தண்ணீர் ஒழுங்காக வராத விடுதிகூட நிரம்பிவிட்டது. பவளமல்லியை மட்டும் ஒருவரும் விசாரிக்கவில்லை. கூகிளில் தேடினால் அந்தப் பெயரே கண்ணில் படவில்லை.

அண்ணனின் வாதம் அங்கேதான் பலமாக நின்றது. “பெரஹராவுக்கே நிரம்பாத வீடு பிறகு எப்ப நிரம்பப்போகுது, தங்கச்சி? நாட்டு நிலைமையும் சரியில்லை. வித்துப்போட்டு மூண்டு பேரும் இஞ்சால வாங்கோ.” அப்பா அதற்கு மறுப்பே சொல்லவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். போட்டால் வீடும் போகும், லீலா தன் கையால் எழுப்பிய தொழிலும் போகும்.

இந்த நிலைமையில்தான் ஆடி வெள்ளி விடிந்தது.

“கட்டுக்கலைப் பிள்ளையாரிட்டப் போய் ஒரு கற்பூரம் கொளுத்திப்போட்டு வா, பிள்ளை. மனம் ஆறும்” என்றாள் அம்மா.

“பிள்ளையாரிட்ட நேற்றே சொல்லிப்போட்டன் அம்மா. இண்டைக்கு மஹ்ரூபிட்டப் போறன். எங்கட பக்கம் ஏன் வருகுதில்லை எண்டு கண்டுபிடிக்காமல் வீட்டுக்கு வரமாட்டன்.”

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. அப்பா எடுத்தார்.

“ஹலோ, ஆர் கதைக்கிறது?”

அது அம்பிகைபாகனின் வழக்கம். எதிர்ப்பக்கம் முதலில் பெயரைச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு தகவலும் போகாது. வாசலிலும் அதே கதைதான். “இது அம்பிகைபாகன் வீடோ?” என்று யாராவது கேட்டால், “நீங்கள் ஆர்? எங்க இருந்து வாறியள்?” என்று கேட்டு, ஆளை நெற்றியிலிருந்து செருப்புவரை ஒரு தடவை பார்த்து, அதற்குப் பிறகுதான் ஓம் என்பார். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. வீட்டு இலக்கம்கூடக் குரோட்டன் செடிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. தெரிந்தவர்கள் சொல்லி எப்போதாவது பயணிகள் வரும் நாட்களில் முச்சக்கர வண்டிக்காரர்கள் வீட்டைக் காணாமல் மேலும் கீழும் அலைவார்கள் என்று, அப்பாவே குடையும் கையுமாகச் சந்தியில் போய் நின்று அவர்களைக் கூட்டிக்கொண்டு வருவார். அதை விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை என்றுதான் லீலா இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள்.

வந்தது பிழையான இலக்கம். அப்பா போனை வைத்துவிட்டு உள்ளிப்பூண்டு உரிக்கப் போனார்.

மஹ்ரூபின் இன்டர்நெட் கடை குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பவளமல்லியின் தளத்தைச் செய்து கொடுத்தவன் அவன்தான். மின்விசிறிக்குக் கீழே, பலகைத் தடுப்புகளுக்குள்ளே, கட்டாரில் இருக்கும் புருஷன்மாரோடு பெண்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கதை தடுப்புக்கு வெளியேயும் நன்றாகக் கேட்டது.

“வாங்க மிஸ். இன்டைக்கு ஜும்ஆ. பாங்கு செல்ல முந்தி ஷட்டரப் போடணும். அதுக்குள்ள முடியுமா?”

“முடிக்கவேணும், மஹ்ரூப்.”

மஹ்ரூபிடம் கை வைத்தியத்துக்குப் பஞ்சமே இல்லை. முதலில் அவன், பக்கத்தின் அடியில் கண்டி, கண்டி, கண்டி என்று வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் நிரப்பி வைத்தான். மனிதக் கண்ணுக்குத் தெரியாதாம், கூகிளுக்கு மட்டும் தெரியுமாம். அதைக் கள்ள வேலை என்று கூகிள் கண்டுகொண்டால் தளத்தையே தள்ளி வைத்துவிடும் என்று லீலா எங்கோ வாசித்தாள். வாசித்த கையோடு அதை அழிக்கச் சொன்னாள். பிறகு படங்கள் பாரம் என்றான், படங்களைச் சிறிதாக்கினார்கள். வேறு தளங்கள் நம்மைக் காட்ட வேண்டும் என்றான். பயணக்காரர் கூடும் தளங்களில் தேடித் தேடி எழுதினாள். ஒன்றும் பலிக்கவில்லை.

இன்றைக்கு அவன் புதிதாக ஒரு நோய் கண்டுபிடித்து வைத்திருந்தான்.

“பேர்லதான் மிஸ் கோளாறு. பவளமல்லின்டு வெள்ளக்காரன் எங்க தேடப்போறான்? இந்தா பாருங்க.” ஆங்கில எழுத்தில் பெயரைத் தட்டினான். மூட்டு வலிக்குப் பவளமல்லி இலைக் கஷாயம் எப்படி வைப்பது என்று வரிசையாக வந்தது.

“இது எனக்கும் உதவும். உன்ர கடைப் படி ஏறி ஏறி முழங்கால் போச்சு” என்றாள் லீலா. “ஆனா பேரை மாத்த ஏலாது. கொஞ்சம் விலகு. நான் ஒருக்கா என்ர முறையில பாக்கிறன்.”

கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஆய்வுகூடத்தில எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தந்தவை, மஹ்ரூப். ஒரே நேரத்தில ரெண்டு விஷயத்தை மாத்தக்கூடாது. மாத்தினா எது வேலை செய்தது, எது செய்யேல்லை எண்டு தெரியாமப் போயிடும். நாங்கள் இவ்வளவு நாளும் எல்லாத்தையும் போட்டுக் கலக்கிப்போட்டம். இன்னொண்டு, சந்தேகம் வந்தா, நல்லது எண்டு தெரிஞ்ச இரத்தம் ஒண்டைப் பக்கத்தில வைச்சுப் பார்க்கவேணும். நீ செய்த தளங்களில எது நல்லா வருகுது?”

“வத்தேகம டெய்லர்ர சைட் ஈக்கி. தேடினா மொத பக்கத்துலயே வரும்.”

“எப்ப செய்தனி?”

“ஒங்கட சைட் செஞ்ச அதே மாசம்தான். அதே மாதிரித்தான் செஞ்சும் ஈக்கி.”

“அப்ப அதுதான் எங்கட நல்ல இரத்தம்.”

ஒரு தளத்தின் முகவரியைக் கொடுத்து, அந்தத் தளத்திலிருந்து கூகிள் பதிந்து வைத்திருப்பதை மட்டும் காட்டு என்று கேட்கலாம். வத்தேகம டெய்லரின் முகவரியைக் கொடுத்தாள். கோட், சூட், பாடசாலைச் சீருடை என்று டெய்லரின் குடும்பப் படம்வரைக்கும் வந்து விழுந்தது. பவளமல்லியின் முகவரியைக் கொடுத்தாள். ஒன்றுமே வரவில்லை. நீங்கள் தேடியதற்குப் பொருத்தமாக எதுவும் இல்லை என்று ஒற்றை வரி மட்டும் வந்தது.

லீலா திரையைப் பார்த்தபடி இருந்தாள். வாசித்ததையே திரும்ப வாசித்தாள்.

“மஹ்ரூப், நாங்கள் வரிசையில எங்கயோ பின்னுக்கு நிக்கிறம் எண்டு நினைச்சுத்தானே இவ்வளவு பாடும் பட்டம்? நாங்கள் வரிசையிலயே இல்லையடா.”

மஹ்ரூபின் வாய் திறந்தபடி நின்றது. கூகிளிடம் போய் முன்னால் விடு, முன்னால் விடு என்று கெஞ்சிக்கொண்டிருந்தவர்களுக்கு, கூகிளுக்குத் தங்களைத் தெரியவே தெரியாது என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மிச்சம் சுலபமாக வந்தது. இரண்டு தளங்களின் உள்வரிகளையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லீலா விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. மேற்பகுதியில் ஒரே ஒரு வரி மட்டும் பவளமல்லியில் கூடுதலாக நின்றது. தேடுபொறிகள் இந்தப் பக்கத்தைப் பதிய வேண்டாம் என்பது அதன் பொருள்.

“இது தானா வராது மிஸ். உள்ளுக்குப் போய் ஆரோ செல்லியீக்கணும்” என்றான் மஹ்ரூப்.

உள்ளே போகும் கடவுச்சொல் மூன்று பேரிடம்தான் இருந்தது. லீலாவிடம், மஹ்ரூபிடம், கனடாவிலிருந்து இணையத்தளத்தின் செலவைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம். வீடு நிரம்பக்கூடாது என்று இந்த மூவரில் யாருக்கு ஆசை? லீலாவுக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. அங்கே இப்போது நடுச்சாமம் என்பதெல்லாம் அவளுக்கு நினைவில்லை. மஹ்ரூபின் போனையே எடுத்துச் சுழற்றினாள்.

“அண்ணா, எழும்புங்கோ! உங்களுக்கு வீடு விக்கவேணும் எண்டா நேரா என்னோட சண்டை பிடிச்சிருக்கலாம். பின் கதவால வந்து என்ர தொழிலின்ர கழுத்தை நெரிச்சது ஏன்?”

“ஆர்... லீலாவோ? என்னடி, அப்பாக்கு ஏதும்...”

“அப்பா நல்லா இருக்கிறார். நீங்கள்தானே கூகிளில வராமல் மறிச்சு வைச்சனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ.”

கடையில் கதைத்துக்கொண்டிருந்த பெண்களும் தங்கள் புருஷன்மாரைக் காக்க வைத்துவிட்டு இதைக் கேட்டார்கள்.

“லீலா, எனக்கு அதில எப்பிடி உள்ள போறது எண்டே தெரியாது” என்றான் அண்ணன். குரலில் தூக்கம் போய்விட்டது. “வீட்டை விக்கச் சொன்னது, உங்களை நினைச்சு இஞ்ச எனக்கு நித்திரை இல்லாதபடியால. அதுக்காக உனக்குக் குழி பறிப்பன் எண்டு நினைச்சிட்டியே, என்ன?”

வைத்துவிட்டான். லீலா போனைப் பிடித்தபடியே நின்றாள். கோபம் போகவில்லை, ஆனால் அதை எங்கே இறக்கி வைப்பது என்றுதான் தெரியவில்லை.

இதற்கிடையில் மஹ்ரூப் தளத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குள் போயிருந்தான். தனியுரிமை என்ற பகுதியில் இரண்டு வட்டங்கள் இருந்தன. தேடுபொறி உட்பட எல்லோருக்கும் தெரியட்டும் என்பது ஒன்று. தேடுபொறிக்கு வேண்டாம், முகவரி தெரிந்து வருகிறவர்களுக்கு மட்டும் தெரியட்டும் என்பது மற்றது. புள்ளி இரண்டாவது வட்டத்துக்குள் இருந்தது. அதைப் பார்த்ததும் மஹ்ரூப் தலையில் கையை வைத்தான்.

“மிஸ், கோவிக்காதீங்க. இந்தப் புள்ளிய வச்சது நான்தான்.”

“நீயோ?”

“ஒங்கட ஊட்டுல வச்சுத்தான் அன்டைக்கு எல்லாத்தையும் ஏத்தினேன். நீங்க மேல அறைக்குப் படம் எடுக்கப் போயீந்தீங்க. ஒங்கட அப்பா பக்கத்துல இருந்தார். நான் ஒவ்வொண்டா வாசிச்சு அவர்ட்டதான் கேட்டேன். இதுல வந்தொடனே, ‘தேடுற ஆக்கள் எல்லாருக்கும் தெரிய வருமோ தம்பி?’ன்டு கேட்டார். ஓம் அங்கிள், ஒலகத்துல எவன் தட்டினாலும் ஒங்கட ஊடு வரும்ன்டேன். ‘அப்ப வேண்டாம். தெரிஞ்ச ஆக்கள் வந்தாக் காணும்’ன்டு செல்லிட்டார். சரி, பெறகு மிஸ்ட்ட கேட்டு மாத்துவோம்ன்டு நெனச்சேன். அல்லாட காவல், மறந்தே போச்சு. இவ்வளவு நாளும் ஊரெல்லாம் தேடியீக்கேன்.”

லீலா அந்த இரண்டாவது வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“இப்பவே மாத்திர்றேன். ஒரு தட்டுத்தான்.” அவன் கை மவுஸைப் பிடித்துவிட்டது.

“நில்லு.”

ஏன் நிறுத்தினாள் என்று அவளுக்கே உடனே விளங்கவில்லை. ஒரு தட்டில் முடிகிற காரியம்தான். அப்பாவுக்குத் தெரியவும் வராது. ஆனால் மறந்து செய்ததல்ல, கேட்டு விளங்கிக்கொண்டு அவர் மூடச் சொன்ன கதவு அது. அந்தக் கதவுக்கு உள்ளே படுத்து எழும்புகிறவர் அவர். அவருக்குத் தெரியாமல் அதைத் திறந்துவிட்டு அதே வீட்டில் அவர் முகத்தைப் பார்க்க லீலாவால் முடியாது.

“நான் கேட்டுப்போட்டு மாத்திறன். நீ தொழுகைக்குப் போ” என்று படி இறங்கினாள்.

முச்சக்கர வண்டி மேடேறும்போது கீழ் வளைவில் டயர்க் கடையைக் கடந்தது. அந்த வளவில் ஒரு காலத்தில் அப்பாவின் நண்பர் இராஜரத்தினம் மாமாவின் வீடு இருந்தது.

அப்பா சாப்பாட்டு மேசையில் உள்ளிப்பூண்டுத் தோலை விரலால் கூட்டிக்கொண்டிருந்தார். அம்மா குசினிக்குள் இருந்தாள்.

“அப்பா, மஹ்ரூபிட்ட எங்கட பக்கத்தை மறைச்சு வைக்கச் சொன்னது நீங்களோ?”

அவர் தோலைக் கூட்டி முடித்தார். ஆச்சரியப்படவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

“ஓம். நான்தான்.”

“எனக்கு ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே அப்பா! எத்தனை மாசமா நான் நாயா அலையிறன்? இப்பதான் அண்ணாவை நடுச்சாமத்தில எழுப்பிக் கண்டபாட்டுக்குப் பேசிப்போட்டு வந்து நிக்கிறன்.”

“சொன்னா நீ கேக்கமாட்டாய்” என்றார். “எண்பத்து மூண்டு ஆடிக் கலவரத்தில என்ன நடந்தது எண்டு உனக்குத் தெரியும். வாசலில கிடந்த பெயர்ப்பலகையைக் கறிக்கத்தியால நான்தான் கழட்டினனான். உங்களைக் கூட்டிக்கொண்டு பின் சரிவால இறங்கினன். தமிழரின்ர வீடு தேடிக் கொளுத்த வந்தவங்கள், பலகை இல்லாதபடியால பேசாமல் போனாங்கள். இராஜரத்தினம் பலகையைக் கழட்டேல்லை. அவன்ர வளவில இப்ப டயர் விக்கிறாங்கள்.”

“அப்பா, அது...”

“பொறு. அப்ப எங்களைத் தேடுறதெண்டா ஒவ்வொரு வாசலா நடந்து வாசிச்சுக்கொண்டு வரவேணும். இப்ப கதிரையில இருந்து தட்டினாக் காணும் எண்டு அந்தப் பொடியன் பெருமையாச் சொன்னான். எனக்குக் கை கால் எல்லாம் குளிர்ந்து போச்சு, பிள்ளை. ஊரில இருக்கிறவையின்ர வளவெல்லாம் படமாக் கீறினவன்தான் நான். என்ர வளவைக் கீறிக் காட்ட எனக்குத் துணிவில்லை.”

யுத்தம் நடந்துகொண்டிருந்த இந்த நாட்களிலும் கண்டியில் தமிழர் பயப்படுவதற்குக் காரணத்தைத் தேடிப்போக வேண்டியிருக்கவில்லை. சோதனைச் சாவடியில் லீலாவும் அடையாள அட்டையைப் பயந்து பயந்துதான் நீட்டியிருக்கிறாள். அப்பாவின் பயத்தைப் பிழை என்று சொல்ல அவளால் முடியவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு வீட்டைத் தூக்கிக் கொடுக்கவும் அவளால் முடியாது.

“இஞ்சாருங்கோ” என்று குரல் கேட்டது.

அம்மா குசினி வாசலில் நின்றாள். கையை ஈரத்தோடே சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பலகையைக் கழட்டினபடியாலதான் தப்பினம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

“ஆர் சொல்லவேணும்? நான்தானே கழட்டினன்.”

“நீங்கள் பிள்ளையளோட பின்னால போயிட்டியள். நான் அடுப்பை அணைக்கவெண்டு திரும்பி வந்தனான். வந்த இடத்தில யன்னலுக்குள்ளால பார்த்தன். வாசலில நிண்டாங்கள்.” அம்மா நிதானமாகத்தான் சொன்னாள். “தூண் எல்லாம் பாசி பிடிச்சுக் கறுப்பு. பலகை கிடந்த இடம் மட்டும் வெள்ளையாச் சதுரமாக் கிடந்தது. நாலு ஆணித் துவாரம். ஒருத்தன் அதில விரலை வைச்சுப் பார்த்துச் சிரிச்சான். இதுதான் அந்தச் சேர்வே கந்தோர்க்காரன் வீடு எண்டு சிங்களத்தில சொன்னான். அவங்களுக்குத் தெரியும். பலகை இருந்தாலும் தெரியும், இல்லாட்டிலும் தெரியும்.”

“பிறகு?” என்றாள் லீலா.

“பக்கத்து வீட்டு மெனிக்கே வந்தா. இடுப்பில சின்னவன், கையில அகப்பை, சோறு காய்ச்சிக்கொண்டிருந்த கோலத்தில ஓடி வந்தவ. வாசலுக்குக் குறுக்க நிண்டா. இவையை எனக்குத் தெரியும், என்ர பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா மருந்துக்கு ஓடுறது இந்த வீட்டு மனுசன்தான், கொளுத்துறதெண்டா முதல்ல என்ர வீட்டைக் கொளுத்திப்போட்டு வாங்கோ எண்டு கத்தினா. அந்தக் கூட்டத்தில அவவின்ர சொந்தக்காரன் ஒருத்தனும் நிண்டவன். அவன்தான் தலையைக் குனிஞ்சுகொண்டு முதல்ல திரும்பினவன்.”

மெனிக்கே அக்கா காலமாகிச் சில வருடம் ஆகிவிட்டது. அவர் கொடுத்து அனுப்பிய கிரிபத் பாற்சோற்றை லீலா எத்தனை புதுவருடத்துக்குச் சாப்பிட்டிருக்கிறாள்! ஒரு தடவைகூட இந்தக் கதை யார் வாயிலிருந்தும் வரவில்லை.

“இவ்வளவு காலமும் நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்றார் அப்பா.

“நீங்கள்தான் எங்களைக் காப்பாத்தினனீங்கள் எண்டு நினைச்சு அந்த நிம்மதியில படுத்தெழும்பினீங்கள். அதைப் பறிச்சு எனக்கு என்ன? அவவும் சொல்ல வேண்டாம், மனுசனுக்கு வெக்கமா இருக்கும் எண்டவ. இண்டைக்கு உங்கட அந்த நிம்மதி என்ர பிள்ளையின்ர பிழைப்பைப் பறிக்குது. அதுதான் வாயைத் திறந்தனான்.”

லீலா அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள்.

“அப்பா, அண்டைக்கு ரெண்டு விஷயம் ஒரே நேரத்தில நடந்திருக்கு. நீங்கள் பலகையைக் கழட்டினீங்கள். மெனிக்கே அக்கா வாசலில நிண்டவ. நீங்கள் கண்டது ஒண்டைத்தான். அதால பலகைதான் காப்பாத்தினது எண்டு முடிவு கட்டிப்போட்டீங்கள். எங்களை ஆருக்கும் தெரியாதபடியால நாங்கள் தப்பேல்லை அப்பா. ஒருத்திக்கு எங்களை நல்லாத் தெரிஞ்சபடியால தப்பினம்.”

“எல்லா வாசலிலயும் ஒரு மெனிக்கே நிப்பாவோ?” என்று கேட்டார் அப்பா.

“நிக்கமாட்டா. இராஜரத்தினம் மாமான்ர வாசலில ஒருத்தரும் நிக்கேல்லை. ஒண்டும் நடக்காது எண்டு நான் உங்களுக்குச் சத்தியம் பண்ணித் தரமாட்டன். ஆனா மறைஞ்சிருந்தாத் தப்பலாம் எண்டதும் பொய்தானே? அந்தப் பொய்க்காக இந்த வீட்டை விக்கப் போறீங்களோ? எனக்கு இஞ்ச இருக்கவேணும், அப்பா. பயத்தோட எண்டாலும் இஞ்ச இருக்கவேணும்.”

அப்பா எழுந்து முற்றத்தைக் கடந்து வாசலுக்குப் போனார். யன்னலால் இருவரும் பார்த்தார்கள். அவர் தூணுக்குக் கிட்டக் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஆணித் துவாரங்களில் ஒவ்வொன்றாக விரலை வைத்தார். அடுத்த வீட்டு மதிலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

“கம்பியூட்டரைப் போடு, பிள்ளை.”

அவள் போட்டாள். இரண்டு வட்டங்களும் திரையில் வந்தன.

“இதை மாத்தினா உடன வருமோ?”

“வராது அப்பா. கூகிள் திரும்ப வந்து பார்த்துப் பதியவேணும். கிழமைக் கணக்கா இழுத்தாலும் இழுக்கும். பெரஹராவுக்கு முதல் வருமோ எண்டது சந்தேகம்தான். ஆனா இனி வரிசையில நிப்பம். பிறகு முன்னுக்குப் போறது என்ர வேலை. அதை நான் பாத்துக்கொள்ளுவன்.”

அவர் மவுஸைக் கையில் எடுத்தார். பழக்கமில்லாத கை, அம்பு திரையெல்லாம் ஓடியது. லீலா கையைப் பிடித்து உதவப் போனாள். “விடு” என்றார். முதல் வட்டத்துக்குள் அவரே புள்ளியை வைத்தார். பிறகு முன்பக்கத்தைத் திறக்கச் சொல்லி, மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

“எங்கட பேர் எங்க?”

“நீங்கள் போட வேண்டாம் எண்டனீங்கள்.”

“இப்ப போடச் சொல்லுறன். ஊர் பேர் தெரியாத வீட்டில ஆர் வந்து தங்குவான்?”

தொலைபேசி அடித்தது. “ஹலோ, ஆர் கதைக்கிறது?” என்றார் அப்பா. பழக்கம் ஒரே நாளில் போகுமா? பேசியது மகன்.

“ராசன், உன்ர தங்கச்சி பேசினது பிழை. அது என்ர வேலை. பிறகு விளக்கமாச் சொல்லுறன். ஞாயிற்றுக்கிழமை ஒருத்தரையும் அனுப்பாத... சொல்லியாச்செண்டா மாத்திச் சொல்லு. பெரஹரா முடியட்டும். அதுக்குப் பிறகும் நான் விக்கமாட்டன் எண்டுதான் நினைக்கிறன்.”

லீலா போனை வாங்கினாள். “அண்ணா, நான் பேசினதெல்லாம்...” என்று தொடங்கியவளுக்கு அழுகை முந்திக்கொண்டது.

“சரி, சரி. பேசினதை விடு. என்ர நித்திரையைக் கெடுத்ததுக்கு, நான் வரேக்க மேல்மாடியில நல்ல அறையாப் பாத்து ஒண்டு சும்மா தரவேணும்” என்றான் அண்ணன். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு.

பின்னேரம் அம்மா சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். லீலா இணையப் பக்கத்தில் பெயர்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். மனதுக்குள் நாளைக்குச் செய்ய வேண்டியவை ஓடின. டெய்லரின் பக்கத்திலிருந்து நமக்கு ஒரு இணைப்பு, மஹ்ரூபின் பக்கத்திலிருந்து ஒன்று, விருந்தாளிகள் எழுதிப்போன நல்ல வார்த்தைகள் எல்லாம் ஏற வேண்டும். எல்லாம் ஒன்றொன்றாகத்தான்.

வாசலில் ஒரு முச்சக்கர வண்டி வந்து நின்றது.

லீலாவின் கை நின்றுவிட்டது. சந்திக்கு யாரும் போகாமல், வழி யாரும் காட்டாமல், இந்த வாசலைத் தானாகக் கண்டுபிடித்து ஒரு வண்டி நின்றதை அவள் பார்த்ததில்லை. இணையத்தில் மாற்றியதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இருக்க முடியாது. இவ்வளவு விரைவில் கூகிளும் வராது.

வண்டி விளக்கு வெளிச்சத்துக்கு முன்னால் ஒரு ஆள் இறங்கி நின்றான். முகம் தெரியவில்லை. சிங்களம் கலந்த, நாக்குக்குப் பழகாத தமிழில் அவன் கூப்பிட்டுக் கேட்டான்.

“இது அம்பிகைபாகன் மாத்தயாட வீடுதானே?”

அம்மா விளக்கடியிலிருந்து எழுந்துவிட்டாள். “அப்பா, பொறுங்கோ, நான் கேக்கிறன்” என்று லீலா எழும்ப முன்னமே அப்பா முற்றத்தில் இறங்கி வாசல் தூணடிக்குப் போய்விட்டார்.

“நீங்கள்...” என்று தொடங்கினார். தொடங்கிய கேள்வியைப் பாதியில் நிறுத்தினார். கை தூணைப் பிடித்துக்கொண்டது.

“ஓம்” என்றார். “நான்தான் அம்பிகைபாகன்.”